பதினேழாம் லாட்டின் வாசனை

நவம்பர் 9, இரவு

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் கூட இருக்கும் பெண்ணிடம்கூடக் காட்டாதே. படித்து முடித்ததும் கிழித்துவிடு. கிழித்த துண்டுகளை ஒரே கூடையில் போடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

இருமல், காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப் போலவே இருக்கிறது. அப்பாவுக்கும் முன்னைப் போலவேதான். அந்தக் காய்ச்சலோடு போன மூக்கு இன்னும் திரும்பி வரவில்லை. நேற்று பால் தீய்ந்தபோது அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "மனுஷனுக்கு நினைப்பு எங்கேதான் இருக்கோ" என்று அம்மா திட்டினாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, அம்மாவின் காதும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆகஸ்டில் நீ வேலைக்குக் கிளம்பியபோது உன் போர்வையையும் உன் பொறுப்பையும் எனக்கு விட்டுவிட்டுப் போனாய். போர்வை நன்றாக இருக்கிறது. பொறுப்பைத்தான் நான் கெடுத்துவிட்டேன்.

அக்டோபர் கடைசியில் அப்பா பதினேழாம் லாட்டிலிருந்து ஒரு ஹீட்டரைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். உனக்குத் தெரியாததா? பேக்டரியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் போதும் என்கிறார்கள். அப்பாதான் யாரும் கேட்காமலே ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ராத்திரி முழுக்க ஓட்டுவார். "முதல் மணி நேரம் எல்லா ஹீட்டரும் நல்ல பிள்ளைதான். மூணாவது மணி நேரத்துலதான் குணம் தெரியும்" என்று அன்றும் சொன்னார். காலை ஷிஃப்ட் என்பதால் பத்து மணிக்கே படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக மோந்து பார்க்க நான் பாடப் புத்தகத்தோடு கூடத்தில் உட்கார்ந்தேன்.

இரண்டு கம்பிகளும் மெதுவாகச் சிவந்தன. கூடம் முழுக்க ஆரஞ்சு நிறத் தண்ணீர் நிரம்பியது மாதிரி ஆனது. நாற்காலிகள் மிதந்தன. நான் அதற்கு அடியில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே யாரோ துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். அவ்வளவு இதமாக இருந்தது அக்கா. அப்பா என் தோளைத் தொட்டபோது விடிந்திருந்தது. ஹீட்டரை அவர் அணைத்திருந்தார். ஜன்னலும் திறந்திருந்தது.

"எலி, ராத்திரி ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரலப்பா."

"மூணாவது மணிக்கு அப்புறமும்?"

"ம்ஹூம்."

என் மூக்கு நுனியை ஒரு விரலால் தட்டினார். முழங்காலில் லாட் சீட்டை வைத்து, நல்லது என்று கையெழுத்துப் போட்டார். இதைத் தவிர அந்த லாட்டில் நானூறு ஹீட்டர். எல்லாம் விற்பனைக்குப் போய்விட்டது.

அவர் உனக்கு ஒரு ஹீட்டர் அனுப்பியதும் அந்தச் சமயத்தில்தான். அதன் அடியில் என்ன எண் அடித்திருக்கிறது என்று பார்த்து எழுது. பதில் கடிதத்தைப் பள்ளி நூலகத்துக்கே அனுப்பு. நூலக டீச்சர் எதையும் கேட்காமல் கையில் கொடுப்பார்.

கை கால் கதகதப்பாக இரு.

எலி


நவம்பர் 21

அன்புள்ள எலிக்கு,

உன் கடிதத்தை எட்டாகக் கிழித்து நான்கு கூடைகளில் போட்டேன். போதுமா? நான் நன்றாக இருக்கிறேன், சளிகூட இல்லை. உனக்கு வயிற்றைப் பிசைந்தால் வெந்நீர் குடி. பயத்துக்கும் பசிக்கும் வயிற்றில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எதற்கு இப்படி நடுங்குகிறாய்? மொத்தம் மூன்று வாசனைதான். போட்டதும் வருவது தூசி கருகுகிற வாசனை, துணி தேய்க்கும்போது வருவது மாதிரி; அது பத்து நிமிடத்தில் போய்விடும். அடுத்தது புதுப் பெயிண்ட், அதுவும் போய்விடும். மூன்றாவதுதான் கெட்டது. வயர் ஹீட்டரின் உடம்புக்குள் நுழைகிற இடத்தில் சூடேறினால் மீன் கெட்டுப்போன மாதிரி வரும். அது அபூர்வம். என் காலத்தில் இரண்டே லாட்டில்தான் வந்தது. நீ தூங்கிய ஒரே ராத்திரியில் அது வந்திருக்கும் என்றால் உனக்கு அவ்வளவு ராசியா?

இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்புகள் தேய்க்கிறோம். நான் நீராவிக்குள்ளேயே வாழ்கிறேன். வெளியே வந்தால் தெரு முழுக்க வெள்ளை விரிப்பு காயப்போட்ட மாதிரி தெரிகிறது.

அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. அம்மாவிடம் சொல்லவே சொல்லாதே. அவளுக்குத் தெரிந்தால் மறுநாளே மேனேஜர் முன்னால் போய் நின்று, "இவரை வேற வேலையில போடுங்க" என்பாள். அவள் மனசில் ஒன்று, வாயில் ஒன்று கிடையாது.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


நவம்பர் 30, இரவு

அக்கா,

நீ நீராவியில் வெந்து போகாமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் கட்டைவிரலில் சின்னச் சூட்டுப் புண்.

நீ எண்ணை எழுதவில்லை. மறந்துவிட்டாயா?

நான் தினமும் ஒரே கனவு காண்கிறேன். நானூறு அறைகள். ஒவ்வொன்றாகப் போகிறேன், என்னை யாருக்கும் தெரிவதில்லை. ஒரு அறையில் ஒருவர் காலுறையோடு தூங்குகிறார். இன்னொன்றில் ஒரு குழந்தை சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறது. அதன் முதுகில் சிவப்பு வெளிச்சம் ஏறி இறங்குகிறது. எல்லா அறையிலும் ஹீட்டர் மூலையில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வீட்டுப் பூனை மாதிரி. நான் குனிந்து குனிந்து மோந்து பார்க்கிறேன். ஒன்றும் வருவதில்லை. கனவில் எனக்கும் அப்பாவின் மூக்குதான்.

நேற்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். சோதனை மேசையில் ஒரு ஹீட்டரை வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சாய்த்தார், சாய்ந்ததும் அணைந்தது. நிமிர்த்தினார். வயரைப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணினார். சுட்டால் இருபது வரை பிடிக்க முடியாது. டிக் என்று தானாக அணைவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருக்குக் காதும் கையும் எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன! மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். "நம்ம மூக்கருக்குப் பிடிச்சா ஊருக்கே பிடிக்கும்" என்று அப்பாவின் முதுகில் தட்டினார். பேக்டரி முழுக்க அப்பாவை மூக்கர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழைய பெயர். அப்பா சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அப்பாவுக்காக மோந்து பார்த்த அந்த இரண்டரை வருடத்தில் நீ ஒருநாள்கூடத் தூங்கியதில்லையா?

எண்ணை எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

எலி


டிசம்பர் 11, இரவு

அக்கா,

சுகமா? நூலக டீச்சர் மூன்று நாளாக என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டுகிறார், இல்லை என்று. கோபமா என் மேல்? இரண்டு இலக்கம்தான் கேட்டேன்.

சுகமாக இரு.

எலி


டிசம்பர் 17

அன்புள்ள எலிக்கு,

கோபமெல்லாம் இல்லை. இரண்டு பேர் லீவு, அவர்கள் விரிப்பும் என் தலையில்தான் விழுந்தது. உடம்பு நன்றாகவே இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், மன்னித்துக்கொள். கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே ராத்திரியில் மைகூட உறைந்துவிடும் போல இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகவே பனி படர்கிறது. படுத்துக்கொண்டே பார்த்தால் அதில் பெரிய பெரிய இலைகள் தெரிகின்றன. நேற்று அதற்குள் ஒரு பாதை தெரிந்தது. கொஞ்ச தூரம் நடந்துகூடப் போனேன்.

பரீட்சை எப்போது? கணக்கில் கவனமாக இரு. தேவையில்லாததை எல்லாம் நினைக்காதே. எல்லாம் தானாகச் சரியாகும்.

அக்கா


டிசம்பர் 23, இரவு

அக்கா,

உனக்குக் கை விறைக்காமல் இருக்க வேண்டும்.

நீ ஏன் கையுறை போட்டு எழுதுகிறாய்? அப்பா அனுப்பிய ஹீட்டர் எங்கே? உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். அதில் இலை இருக்கிறது, பாதை இருக்கிறது, தைலம் இருக்கிறது, ஹீட்டர் மட்டும் இல்லை.

சரி, நானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். வீட்டில் ஓடிய ஹீட்டரை அப்பா திரும்பக் கொண்டுபோய்ப் பேக்டரி அலமாரியில் வைப்பார் இல்லையா, லாட் எண் எழுதிய சீட்டோடு? ஒரு வருடம் அங்கேயே இருக்கும். இன்று சாப்பிடும்போது கேட்டேன்.

"அப்பா, பரீட்சைக்குப் படிக்க என் ரூம்ல ரொம்பக் குளிருது. அலமாரியில சும்மா இருக்கிற பதினேழ எடுத்துட்டு வந்து தர்றீங்களா?"

"அதென்னடி குறிப்பா பதினேழு?" என்றாள் அம்மா. "மாப்பிள்ளை பாக்கற மாதிரி எண்ணெல்லாம் பாத்துக் கேக்கறா."

"நான் நல்லதுன்னு கையெழுத்துப் போட்ட லாட்டு. அவளுக்கே அதுமேல நம்பிக்கை, பாத்தியா" என்றார் அப்பா. பெருமையாகச் சொன்னார் அக்கா.

விடுமுறை முடிந்ததும் கொண்டுவருவார். நீயும் நன்றாகச் சாப்பிடு.

எலி


ஜனவரி 5, விடியப்போகிறது

அக்கா,

நீ உயிரோடு, நல்லபடியாக இருக்க வேண்டும். வேறு எதையும் விசாரிக்கத் தோன்றவில்லை.

பத்து மணிக்குப் போட்டேன். அம்மா படுத்துவிட்டாள். கதவிடுக்கில் துணியை அடைத்தேன். தூங்காமல் இருக்க நின்றுகொண்டே இருந்தேன். முதலில் தூசி வாசனை, அப்புறம் பெயிண்ட். பதினொன்றுக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டுக்கும் ஒன்றும் இல்லை. கம்பி இரண்டும் ஒரே சிவப்பு, ஒரு புள்ளிகூடக் கறுப்பு இல்லை. டிக் என்று சரியாக அணைந்தது, சரியாக எரிந்தது. அவ்வளவு அழகான ஹீட்டர். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் நம்மைப் பார்த்து மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. இது நல்லதுதான், வீணாகப் பயந்தோம் என்று அதனிடமே மெதுவாகச் சொன்னேன்.

ஒன்று பத்துக்கு வந்தது.

முதலில் ரொம்ப மெல்லியதாக, யாரோ தெருமுனையில் மீன் கூடையைத் திறந்த மாதிரி. அப்புறம் அறைக்குள்ளேயே. வயர் உள்ளே நுழைகிற இடத்தைப் பிடித்து எண்ணினேன். எட்டுக்கு மேல் முடியவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்து, உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன், அம்மாவுக்குக் கேட்காமல் போர்வைக்குள் போனை இழுத்து வைத்துக்கொண்டு. நீ ராத்திரி வேலை என்றார் ஒரு அம்மா. "அடியில பதினேழுன்னு இருந்தா உடனே பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க" என்றேன். "என்னம்மா, லாட்டரி சீட்டா?" என்று சிரித்தார். சொன்னாரா?

எலி


ஜனவரி 13

அன்புள்ள எலிக்கு,

சொன்னார். நான் நன்றாக இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? சாப்பிடு.

இனி ஒளிக்கவில்லை. ஹீட்டர் என்னிடம் இல்லை. வந்த வாரமே கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு தையல்காரர் இருக்கிறார். எங்கள் சீருடை எல்லாம் அவர்தான் தைக்கிறார். அவர் கடையே அவர் வீடு. குளிரில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் விரலை ஊதிக்கொண்டிருந்தார். கொடுத்தேன். அதற்கப்புறம் தினமும் போகிறேன், சீருடையில் கிழியாத இடத்தையெல்லாம் காட்டி. புரிந்துகொள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் எழுதவில்லை.

ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. உன் முதல் கடிதம் வந்த அன்றே போய்த் திருப்பிப் பார்த்தேன். பதினேழு. திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். நீ சின்னப் பிள்ளை, தூங்கிவிட்டாய், அவ்வளவுதான், ஹீட்டர் நல்லதாகத்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போன மாதம் அவர், "இந்தச் சுவத்துல பிளக் பக்கத்துல பழுப்பு ஏறுது பாருங்க" என்றார். "உங்க சுவர் பழசு" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், எலி.

போன் செய்தி வந்ததும் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். வயரின் தோல் அங்கே மெழுகு மாதிரி இளகியிருந்தது.

நீ கேட்டதற்கும் பதில். நானும் தூங்கியிருக்கிறேன். ஐந்து ராத்திரியோ, ஆறோ. நானும் "ஒண்ணும் வரலப்பா" என்றுதான் சொன்னேன்.

ஆனாலும் அப்பாவிடம் சொல்லாதே. லாட்டைத் திரும்ப வரவழைத்தால், மூக்கருக்கு எப்படித் தப்பியது என்று கேட்பார்கள். அவரைப் பேக்கிங்கில் உட்கார வைப்பார்கள். அவர் தாங்கமாட்டார். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


ஜனவரி 20, இரவு

அக்கா,

நீயும் உன் தையல்காரரும் சுகமாக இருக்க வேண்டும். அவர் சுவரின் பழுப்பு மேலே ஏறாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் இன்றுவரை சுகம்.

நீயும் தூங்கியிருக்கிறாய் என்று படித்தபோது முதலில் சந்தோஷமாக இருந்தது, நான் மட்டும் இல்லை என்று. உன் கழுத்தைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அப்புறம் அந்தச் சந்தோஷம் பயமாகிவிட்டது.

நீ போய்ப் பிடுங்கினாய். ஒன்று அணைந்தது. மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அந்த வீடுகளுக்கு ஓடிப்போக உன்னைப்போல ஒருத்தி இல்லை. அவர்களும் "சுவர் பழசு" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

போன வருடம் ஒன்பதாம் லாட்டில் கால் ஆடுகிறது என்று அப்பா எழுதிக் கொடுத்ததும், வாங்கியவர்கள் வீட்டிலிருந்துகூட எல்லாம் திரும்பி வரவில்லையா? வெறும் காலுக்கே அப்படி. அப்பா எழுதினால் வரும். அப்பாதான் எழுத வேண்டும்.

போன வாரம் மூன்று நாள் காலையில் சொல்லப் பார்த்தேன். முதல் நாள் அம்மா பக்கத்திலேயே நின்றாள். இரண்டாம் நாள் அப்பா, "எலி, உன் மூக்கு இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றார், ஷூ கட்டிக்கொண்டே. அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் வாசல்வரை பின்னாலேயே போய், சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதனால் வாயால் சொல்லப்போவதில்லை. அப்பாவுக்கு இந்த வாரம் மாலை ஷிஃப்ட், பதினொன்றரைக்கு வருவார். எட்டு மணிக்கே பதினேழைப் போட்டுவிட்டேன். அவர் உடை மாற்றியதும் கூப்பிட்டு, வயரை அவர் கையில் கொடுப்பேன். மூக்கு இல்லாவிட்டால் என்ன, அவர் கை பொய் சொல்லாது. எட்டுக்கு மேல் எண்ண முடியாதபோது அவரே என்னைப் பார்ப்பார். அப்போது எனக்குப் பேச்சு வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இப்போது பதினொன்று இருபது. பயப்படாதே, வலது கையால் எழுதுகிறேன், இடது கை சுவிட்சின் மேலேயே இருக்கிறது. அறை மறுபடியும் அந்த ஆரஞ்சுத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. புத்தகங்களின் முதுகெல்லாம் சிவப்பாக இருக்கின்றன. என் விரல்களுக்குள் வெளிச்சம் தெரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது அக்கா, அதுதான் கொடுமை. கண் சொக்குகிறது. தூங்கமாட்டேன். பத்து நிமிடமாக மீன் வாசனை. இன்று கதவிடுக்கில் துணி அடைக்க மறந்துவிட்டேன், இப்போதுதான் பார்க்கிறேன். எழுந்து போய் அடைக்கலாமா என்று

வாசல் கதவு திறக்கிறது. அம்மா எழுந்து போய்த் திறந்திருக்கிறாள். இவ்வளவு நேரம் விழித்திருந்தாளா? பேசுவது கேட்கிறது. கேட்பதை அப்படியே எழுதுகிறேன்.

"வாங்க. வீடெல்லாம் மீன் அழுகின மாதிரி ஒரு நாத்தம், எங்கேருந்துன்னே தெரியல. உள்ள வந்ததும் உங்களுக்கு அடிக்கல?"

"என்ன நாத்தம்? ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லையா? நான் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கறேன், ஒண்ணும் இல்லைங்கறீங்க!"

அப்பாவின் ஷூ ஒன்று தரையில் விழுகிறது.

"என்னைப் பாருங்க. விளையாடாதீங்க. நிஜமாவே உங்களுக்கு வரலையா?"

அடுத்த ஷூவும் விழுகிறது.

"எத்தனை நாளா?" என்கிறாள் அம்மா. திட்டுகிற குரல் இல்லை அது. நான் கேட்டதே இல்லாத குரல்.

அப்பா ஏதோ சொன்னார். கேட்கவில்லை. என் பெயர் மட்டும் கேட்டது. உன் பெயரும்.

இரண்டு பேரும் நடந்து வருகிறார்கள். அக்கா, என் கை சுவிட்சில்தான் இருக்கிறது, அணைத்துவிடலாம், ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்படியிலிருந்து வந்திருக்கும் என்று சொல்லலாம், இன்னும் நேரம் இருக்கிறது. அணைக்கவில்லை. அப்பாவின் கை இதைத் தொடட்டும், அப்புறம் அணைக்கிறேன். கதவைத் தட்டுகிறார்கள், இரண்டு பேரும்